கண்ணாடியில் துளை போடாமல் மீன் தொட்டிக்கு சம்ப்: பைப் வேலைக்கு முழுமையான வழிகாட்டி

தொட்டித் தண்ணீர் தானாக வழிந்து ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப்பில் (கீழ்த் தொட்டியில்) விழ வேண்டும். அங்கே வடிகட்டிய பிறகு பம்ப் அதை மேலே ஏற்ற வேண்டும். சம்ப் முறை இவ்வளவுதான். இப்படித் தண்ணீரை வழியவிடுவதற்கென்று விற்கும் ஆயத்த ஓவர்ஃப்ளோ பெட்டி வாங்கத் தேவையில்லை. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வீட்டு பிளம்பிங் சாமான் விற்கும் கடைப் பொருட்களை வைத்தே முடித்துவிடலாம். செலவில் பெரியது பம்ப்தான்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பைப்பை வாங்கி, வெட்டி, ஒட்டிய பிறகுதான் தண்ணீர் மட்டத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். மட்டங்களை முதலில் முடிவு செய்யுங்கள். பைப்பின் நீளம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

கீழே வரும் கணக்கெல்லாம் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டிக்கானது. சம்ப் 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 இன்ச் உயரம். உங்கள் அளவு வேறு என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

1. கரண்ட் போனால் என்ன ஆகும்: இந்தக் கணக்கு முதலில்

பம்ப் ஒரே சீராக ஓடும்போது வீட்டில் தண்ணீர் சிந்துவது அரிது. கரண்ட் போகும் நொடியிலும் திரும்ப வரும் நொடியிலும்தான் சிந்தும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும், அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டீர்கள். அதனால் ஆள் இல்லாமலே தப்பிக்கும்படி பைப் அமைய வேண்டும்.

தொட்டியின் உள்ளளவை டேப்பால் எடுங்கள். கண்ணாடித் தடிமனைக் கழித்தால் ஏறத்தாழ 90 செ.மீ. நீளம், 44 செ.மீ. அகலம் வரும். பெருக்கினால் 3,960 சதுர செ.மீ. அதாவது தொட்டியில் 1 செ.மீ. தண்ணீர் இறங்கினால் 4 லிட்டர் கீழே போகும். இந்த 4 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை உதவும்.

சம்ப்பின் உள்ளளவு 60 × 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து, பம்ப் இருக்கும் அறையை 20 செ.மீ. நீளமாகவும் வடிகட்டும் அறையை 40 செ.மீ. நீளமாகவும் பிரியுங்கள். பம்ப் அறையில் 1 செ.மீ.க்கு 0.6 லிட்டர், மற்ற அறையில் 1.2 லிட்டர்.

இப்போது இரண்டு கேள்விகள்.

கரண்ட் போனால் மேலிருந்து எவ்வளவு இறங்கும்? நாம் வைக்கப்போகும் மட்டங்களின்படி வழக்கமாக ஒன்றரை செ.மீ. இறங்கும். அது 6 லிட்டர், பைப்பில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 1 லிட்டர், மொத்தம் 7. எங்காவது மூட்டு கசிந்தால், மோசமான நிலையில் ஆறரை செ.மீ. வரை இறங்கலாம். அது 26 லிட்டர், பைப்போடு 27. சம்ப்பில் இந்த 27க்கு இடம் வேண்டும். தடுப்பு 22 செ.மீ. உயரம், பம்ப் அறையில் தண்ணீர் 20 செ.மீ., சம்ப் உள்ளுயரம் 38 செ.மீ. என்றால் காலியிடம் 19.2 + 10.8 = 30 லிட்டர். போதும்.

கரண்ட் வந்து, மேலிருந்து தண்ணீர் இறங்காமல் போனால்? பம்ப் தன் அறையில் இருப்பதையெல்லாம் மேலே ஏற்றிவிடும். பம்ப்பின் உறிஞ்சு வாய் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஏற்றக்கூடியது 15 செ.மீ. × 0.6 = 9 லிட்டர். தொட்டி மட்டம் 2.25 செ.மீ. உயரும். விளிம்புக்குக் கீழே நாம் விடப்போவது நாலரை செ.மீ. ஆக, சைஃபன் (விளிம்புக்கு மேலே ஏறி இறங்கும் பைப் வழியே தண்ணீர் தானாக இழுபட்டு ஓடுவது) நின்றே போனாலும் தரை நனையாது. பம்ப் அறையைச் சின்னதாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். “பெரிய அறை இருந்தால் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டாமே” என்று பெரிதாக வைப்பவர்கள்தான் பிறகு துணி பிழிகிறார்கள்.

2. கடைக்குப் போகும் முன் தெரிய வேண்டியது: “ஒரு இன்ச்” என்பது மூன்று வகை

பணம் வீணாகும் முதல் இடம் இது. கடையில் “ஒரு இன்ச் பைப்” என்றால் மூன்று வெவ்வேறு பைப் கிடைக்கும், ஒன்றின் பிட்டிங் மற்றொன்றுக்குச் சேராது.

தோட்டத்துக்குப் போடும் சாம்பல் நிறப் பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 32 மி.மீ. வீட்டுக் குழாய்க்குப் போடும் வெள்ளை யு.பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. வெந்நீர்க் குழாய்க்கான இளமஞ்சள் சி.பி.வி.சி. 28.6 மி.மீ. மூன்றையும் கடைக்காரர் ஒரு இன்ச் என்றுதான் சொல்வார், அவர் மேல் தப்பில்லை.

வீட்டில் கிடக்கும் சாம்பல் பைப்பை வெள்ளை எல்போவுக்குள் சொருகினால் ஒன்றரை மி.மீ. ஆடும். “கம் நிறையப் போட்டா நின்னுடும்” என்பார்கள். நிற்கும்தான், ஆனால் காற்று போகும். சைஃபன் பைப்பின் மேல் வளைவில் மூட்டு லேசாகத் திறந்திருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். சொட்டாத கசிவைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போய்விடும். அதனால் பைப், பிட்டிங், பசை மூன்றும் வெள்ளை யு.பி.வி.சி. வகையாகவே வாங்குங்கள். பைப் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

பித்தளை வால்வு, ஜி.ஐ. நிப்பிள் இரண்டும் வேண்டாம். பித்தளையிலிருந்து செம்பும் ஜி.ஐ.யிலிருந்து துத்தநாகமும் தண்ணீரில் கரையும். இறாலும் நத்தையும் முதலில் சாகும்.

வாங்க வேண்டியவை: 1 இன்ச் பைப் 10 அடி, 1 இன்ச் எல்போ 7, 45 டிகிரி எல்போ 1, டீ 1, யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) 1, எண்ட் கேப் (மூடி) 1, 2 இன்ச்சிலிருந்து 1 இன்ச்சுக்கு ரெடியூசர் 1, 2 இன்ச் பைப் அரை அடி. 2 இன்ச்சுக்கு முழு லென்த் வாங்காதீர்கள், கடையில் வெட்டுத் துண்டு இருக்கும், கேளுங்கள். பம்ப் பக்கத்துக்கு முக்கால் இன்ச் பைப் 3 அடி, எல்போ 3, பிளாஸ்டிக் பால் வால்வு 1, பம்ப் வாய்க்குப் பொருந்தும் ஓஸ் ஒன்றரை மீட்டர், பைப்பையும் ஓஸையும் சேர்க்கும் ஓஸ் நிப்பிள் 1, கிளிப் 2. யு.பி.வி.சி. பசை சின்ன டப்பா. மீன் கடையில் ஏர் டியூப் 2 மீட்டர், ஏர் டியூப் இணைப்பான் ஒன்று, ஏர் டியூபுக்கான ஒருவழி வால்வு ஒன்று.

பெரிய பைப் போட்டால் நல்லதுதானே என்று ஒன்றரை இன்ச் கேட்காதீர்கள். மணிக்கு 500, 600 லிட்டர் ஓட்டத்துக்கு 1 இன்ச்சில் தண்ணீர் விநாடிக்கு ஏறத்தாழ 30 செ.மீ. வேகத்தில் போகும், குமிழிகளைக் கொஞ்சமாவது அடித்துக்கொண்டு போகும். ஒன்றரை இன்ச்சில் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். மேல் வளைவில் காற்று தங்கித் தங்கி, ஒரு நாள் சைஃபன் அறுந்துவிடும்.

3. தொட்டியின் பின்புறம் நான்கு கோடுகள்

மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். அளவெல்லாம் தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி.

அ கோடு: 4.5 செ.மீ. பம்ப் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டம்.

ஆ கோடு: 6 செ.மீ. தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சு வாயின் வெட்டுகள் முடியும் இடம். கரண்ட் போனால் தண்ணீர் இங்கே நிற்கும்.

இ கோடு: 11 செ.மீ. வெளிப்பக்கம் தண்ணீர் வழிந்து வடிகாலுக்குள் விழும் இடம், அதாவது கிடைப் பைப்பின் உள்பக்க அடி.

ஈ கோடு: 26 செ.மீ. உள்ளேயும் வெளியேயும் இருக்கும் இரண்டு ‘யு’ வளைவுகளும் இறங்க வேண்டிய ஆழம். இதைவிடக் கீழே போனால் பரவாயில்லை, மேலே வரக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இ கோடு. கரண்ட் போனதும் தொட்டி மட்டம் ஆ கோட்டுக்கு இறங்கும். பிறகு உள் ‘யு’வில் இருக்கும் தண்ணீர் மட்டும் இ கோடு வரை இறங்கி நிற்கும். இரு முனையும் தண்ணீருக்குள் மூழ்கியே இருப்பதால் சைஃபன் அறாது. கரண்ட் வந்து தொட்டி மட்டம் ஏறியதும் தானாக ஓடத் தொடங்கும். எந்த மூட்டு எப்படிக் கசிந்தாலும் தொட்டித் தண்ணீர் இ கோட்டுக்குக் கீழே போக வழியே இல்லை. முதல் பகுதியில் சொன்ன ஆறரை செ.மீ. என்பது அ கோட்டுக்கும் இ கோட்டுக்கும் உள்ள இந்த இடைவெளிதான்.

இ கோட்டை மேலே ஏற்றினால் ஓட்டம் குறையும். கீழே இறக்கினால் ஓட்டம் கூடும், ஆனால் சம்ப்பில் இன்னும் அதிக இடம் வேண்டும். 11 செ.மீ. இரண்டுக்கும் நடுவே கிடைத்த சமரசம்.

4. ஸ்டாண்டும் சம்ப்பும்

தண்ணீர், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்து இந்தத் தொட்டி 200 கிலோவைத் தாண்டும். இந்தப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் உடைசல் பலகை கிடைக்கும், ஸ்டாண்டின் மேல்தட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பலகைக்கும் தொட்டிக்கும் நடுவில் 10 மி.மீ. தெர்மாகோல் போடுங்கள்.

அதே கிரானைட் ஆட்களிடம் தொட்டிக் கண்ணாடியிலும் துளை போடச் சொல்லும் யோசனை சிலருக்கு வரும். கல்லுக்கான கோர் பிட் தடிமனானது, கண்ணாடியை உடைத்துவிடும். கண்ணாடிக்கென்று மெல்லிய வைரப் பூச்சு பிட் உண்டு, அதையும் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். டஃபன்டு கண்ணாடி என்றால் அதுவும் ஆகாது. இந்த வழிகாட்டியின் முறைக்குத் துளையே வேண்டாம்.

சம்ப் தடுப்பை ஒட்ட மீன் தொட்டி சிலிகானே வாங்குங்கள். பாத்ரூமுக்கு விற்கும் சிலிகானில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. ஒட்டியபின் வினிகர் வாடை முழுதாகப் போகும் வரை, குறைந்தது இரண்டு நாள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்னொன்று: சிலிகான் கண்ணாடியில்தான் பிடிக்கும், பி.வி.சி. மேல் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். பைப் மூட்டில் சிலிகான் தடவுவது வீண்.

5. வெட்டுவதும் ஒட்டுவதும்

இதில் அவசரம் வேண்டாம். வரிசையும் முக்கியம்.

முதலில் பிட்டிங்கின் வாய் ஆழத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். வெட்ட வேண்டிய நீளம் என்பது இரண்டு பிட்டிங்குகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிய வேண்டிய நீளம், அதோடு இரண்டு வாய் ஆழங்கள். இதை மறந்து வெட்டினால் எல்லாத் துண்டும் குட்டையாகும்.

ஹாக்சாவில் நேராக வெட்டுங்கள். பைப்பைச் சுற்றி ஒரு தாளை விளிம்பு சேரும்படி வரிந்து, அந்த ஓரத்தில் பென்சில் கோடு போட்டால் வெட்டு கோணாது. உள்ளே தொங்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். பிசிறில் பாசியும் மீன் கழிவும் மாட்டிக்கொள்ளும், ஓட்டம் குறைவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

உறிஞ்சு வாய்: 2 இன்ச் பைப்பில் 10 செ.மீ. துண்டு வெட்டுங்கள். அதன் மேல் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி 4 செ.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் 30 வெட்டுகள். ஒற்றை பிளேடு போட்டால் வெட்டு 1 மி.மீ. அளவில்தான் இருக்கும், இலைத் துணுக்கில் அடைத்துக்கொள்ளும். இரண்டு பிளேடைச் சேர்த்துக் கட்டி அறுத்தால் ஏறத்தாழ 2 மி.மீ. கிடைக்கும். கப்பிக் குஞ்சு இருந்தால் மேலே நைலான் வலை சுற்றிக்கொள்ளுங்கள். வெட்டுகளின் அடி ஆ கோட்டில் வர வேண்டும், அப்போது பைப்பின் தலை விளிம்புக்கு 2 செ.மீ. கீழே இருக்கும். வெட்டுகள் எல்லாம் அடைத்து மட்டம் அவ்வளவு ஏறினால் தண்ணீர் தலை வழியாக உள்ளே விழும்.

1 இன்ச் பைப்பை நேரடியாக வாயாக வைக்கலாமே என்றால், சுற்றளவு போதாது. தண்ணீர் 2 செ.மீ.க்கு மேல் எக்கி நிற்கும், உறிஞ்சும் சத்தமும் கேட்கும்.

பைப் போகும் வழி: உறிஞ்சு வாய், ரெடியூசர், கீழே இறங்கும் துண்டு, இரண்டு எல்போவால் உள் ‘யு’, மேலே ஏறும் துண்டு, எல்போ, விளிம்பைத் தாண்டும் கிடைத் துண்டு, எல்போ, வெளியே இறங்கும் துண்டு, இரண்டு எல்போவால் வெளி ‘யு’, ஏறும் துண்டு, எல்போ, சின்னக் கிடைத் துண்டு, டீயின் பக்க வாய். டீயின் மேல் வாயில் காற்றுக் குழாய், கீழ் வாயில் யூனியன், அதற்குக் கீழே வடிகால்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். பசை இல்லாமல் சொருகினால் பைப் வாயின் பாதியிலேயே இறுகி நிற்கும். பசை போட்டால் முழு ஆழத்துக்கும் போகும். மூட்டுக்குச் சில மி.மீ. வீதம் சேர்ந்து, கடைசியில் இ கோடு இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப்போகும். அதனால் வரிசை இப்படி:

முதலில் மேல் வளைவு, அதாவது இரண்டு எல்போவும் நடுக் கிடைத் துண்டும். அடுத்து உள்ளே ஏறும் துண்டும் வெளியே இறங்கும் துண்டும். அடுத்து இரண்டு ‘யு’. இவ்வளவையும் ஒட்டி, காய்ந்ததும் தொட்டி விளிம்பில் மாட்டிப் பாருங்கள். இப்போதுதான் வெளி ‘யு’விலிருந்து இ கோட்டுக்கு உண்மையான உயரம் தெரியும். அதை அளந்து ஏறும் துண்டை வெட்டுங்கள். உள்பக்க உறிஞ்சு வாயின் உயரமும் அப்படியே. அந்த ஏறும் துண்டின் தலையில் வரும் எல்போவை மட்டும் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகு ஒட்டுங்கள், அதுவரை சில மி.மீ. ஏற்றி இறக்கிப் பார்க்கலாம்.

ஒட்டும் விதம்: பளபளப்பு போகும்படி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, பைப்பில் ஒரு பூச்சு, வாயில் அதைவிட மெல்லிய பூச்சு. கால் சுற்றுச் சுற்றி அழுத்தி, 30 விநாடி விடாமல் பிடியுங்கள். விட்டால் பைப் மெல்லப் பின்னால் தள்ளிக்கொள்ளும். திசை மாறாமல் இருக்க, முன்பே பைப்பிலும் எல்போவிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டு வையுங்கள். கால் சுற்று முடியும்போது இரண்டு கோடும் சேர வேண்டும். வாய்க்குள் பசையை வழிய வழிய ஊற்றினால் உள்ளே தேங்கிப் பைப்பையே இளக்கும். வாசற்படியில் காற்றோட்டத்தில் வைத்து ஒட்டுங்கள்; பசை எளிதில் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். 24 மணி நேரம் காயவிட்டு, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே மீன் தொட்டிக்குள் போகலாம்.

காற்றுக் குழாய் தொட்டி விளிம்பைவிட 3 செ.மீ. உயரமாக முடிய வேண்டும். அதன் தலையில் எண்ட் கேப்பை, துளை போட்டு, ஒட்டாமல் மூடியாக வையுங்கள். வடிகால் அடைத்தால் தண்ணீர் இதற்குள் ஏறும். குட்டையாக இருந்தால் அங்கேயே வழிந்து சுவரை நனைக்கும்.

வடிகாலில் வால்வு போடவே கூடாது. ஓட்டத்தை அடக்க வேண்டுமானால் பம்ப் பக்கம் அடக்குங்கள். வடிகால் நேராக இறங்க வேண்டும், மட்டமாகவோ மேல்நோக்கியோ ஓர் அங்குலமும் போகக் கூடாது. சம்ப்பில் முனை தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கினால் போதும். ஆழமாக மூழ்கினால் காற்று வெளியேற முடியாமல் ஏப்பம் விடும். அந்த முனையில் 45 டிகிரி எல்போ வையுங்கள். சம்ப்புக்குள் வரும் மூட்டுகளை ஒட்ட வேண்டாம், கழுவ வசதி.

6. மேல் வளைவில் காற்றை எடுக்கும் ஏற்பாடு

வெளிப்பக்க மேல் எல்போவின் உச்சியில், இணைப்பானுக்கு இறுக்கமாக ஒரு துளை போட்டு, ஏர் டியூப் இணைப்பானைப் பசையால் ஒட்டுங்கள். உள்பக்க எல்போவில் வேண்டாம். ஓட்டம் குமிழிகளை வெளிப்பக்கம்தான் தள்ளும். கிடைத் துண்டு வெளிப்பக்கம் சில மி.மீ. உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

முதல் முறை ஓட வைக்க: தொட்டியை அ கோடு வரை நிரப்புங்கள், வெளி ‘யு’வில் டீயின் மேல் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், ஏர் டியூபில் பெரிய சிரிஞ்சை வைத்துக் காற்றை இழுங்கள். டியூபில் தண்ணீர் வந்ததும் மடித்துப் பிடித்தால் சைஃபன் பிடித்துவிட்டது.

பிறகு அந்த டியூபைத் தொட்டிக்குள் ஓடும் ஒரு சின்ன இன்டர்னல் பில்டரின் காற்று உறிஞ்சும் முனையில் மாட்டிவிடுங்கள். அது ஓடும் வரை சேரும் குமிழிகளை இழுத்துக்கொண்டே இருக்கும். சம்ப் பம்ப்பில் மாட்டினால் இழுவை போதாது, மேலே ஏற்றும் அழுத்தம் அந்த முனையைக் கெடுத்துவிடும்.

இரண்டு நிபந்தனை. பில்டரின் முனை இ கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மட்டம் இறங்கி முனை வெளியே வந்தால் அதன் வழியாகவே காற்று ஏறி சைஃபன் அறுந்துவிடும். நடுவில் ஒருவழி வால்வு வேண்டும், வளைவிலிருந்து பில்டர் பக்கம் மட்டும் போகும்படி. திருப்பி மாட்டுவது மிகச் சாதாரணமான தவறு. வாயால் ஊதிப் பார்த்தே மாட்டுங்கள்.

7. பம்ப்பும் ஏற்றும் பைப்பும்

சம்ப் தண்ணீரிலிருந்து தொட்டி விளிம்பு வரை ஏறத்தாழ 1 மீட்டர், வளைவுகளுக்கு 20 செ.மீ. சேர்த்தால் 1.2 மீட்டர். பெட்டியில் 1,500 லிட்டர், அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்று போட்ட பம்ப் இந்த உயரத்தில் தோராயமாக 600 லிட்டர்தான் தரும். பெட்டியில் இருக்கும் லிட்டர் கணக்கு, பைப்பே மாட்டாமல் வெறும் வாயில் வரும் அளவு. மாட்டிய பிறகு 10 லிட்டர் பக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள்: 60 முதல் 70 விநாடியில் நிரம்பினால் சரி. அதைவிட வேகமாக நிரம்பினால் பால் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். வால்வு எப்போதும் பம்ப்புக்கு வெளிவாய்ப் பக்கம்தான்.

கூலர் பம்ப் மலிவு. ஆனால் அது 24 மணி நேரமும் வருடக்கணக்கில் ஓடுவதற்கென்று செய்ததல்ல. சீல் விட்டால் தண்ணீரில் கரண்ட் பாயும். பணம் மிச்சம் பிடிக்க இது இடமில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருக்கும் லைனில் மாட்டி, ஒயரை பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுப் பிறகு மேலே கொண்டுபோங்கள். ஒயர் வழியே வரும் தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

பம்ப் வாயிலிருந்து முதல் ஓர் அடி ஓஸ், பிறகு பைப். நேராகப் பைப் மாட்டினால் அதிர்வு ஸ்டாண்டு முழுக்க ஏறி இரவெல்லாம் முனகும்.

பைப்பின் முனை தொட்டிக்குள் மூழ்கியிருந்தால், கரண்ட் போனதும் அது தலைகீழ் சைஃபனாகித் தண்ணீரைக் கீழே இழுக்கும். அதைத் தடுக்க, ஆ கோட்டு உயரத்தில் இந்தப் பைப்பில் 4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், தொட்டிக்குள் பார்த்தபடி. மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து நின்றுவிடும். இதற்கு ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு (ஒருவழி வால்வு) போடச் சொல்பவர்கள் உண்டு. ஒரு நத்தை ஓடு மாட்டினால் வால்வு மூடாது. துளை ஏமாற்றாது, அடைக்காமல் பார்த்துக்கொண்டால்.

8. மீன் விடும் முன் சோதனை

வெறும் தண்ணீரில் இரண்டு நாள் ஓட்டுங்கள்.

முதல் சோதனை: பம்ப் ஓடும்போது அ கோடு, பம்ப் அறையில் 20 செ.மீ. இரண்டும் சரியாக இருக்கட்டும். சுவிட்சை அணையுங்கள். எல்லா ஓட்டமும் நின்றதும் சம்ப் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேல் இன்னும் 20 லிட்டராவது காலியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது: 10 நிமிடம் அணைப்பு, 10 நிமிடம் ஓட்டம் என்று பத்து முறை. ஒவ்வொரு முறையும் தானாகவே பிடிக்க வேண்டும். பிறகு ஓர் இரவு முழுக்க அணைத்து வைத்து, காலையில் போட்டுப் பாருங்கள். ஊசி முனை அளவு காற்றுக் கசிவு இருந்தால் 10 நிமிடத்தில் தெரியாது, எட்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவதைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள்: பம்ப் ஓடும்போதே மேல் எல்போவின் இணைப்பானிலிருந்து ஏர் டியூபைக் கழற்றிச் சைஃபனை அறுத்துவிடுங்கள். தொட்டி மட்டம் ஏறும், பம்ப் அறை காலியாகும், பம்ப் உறுமும். தொட்டி வழியவில்லை என்றால் கணக்கு சரி, உடனே அணைத்துவிடுங்கள். வழிந்தால் பம்ப்பைச் சில செ.மீ. உயர்த்தி வைத்து மறுபடி பாருங்கள்.

9. போர் தண்ணீர் இருக்கும் வீட்டில் கூடுதல் வேலை

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பக்கெட் விளிம்பில் படியும் அதே வெள்ளை, பைப்பிலும் படியும். தண்ணீர் மட்டம் காற்றோடு உரசும் இடத்தில்தான் அதிகம் படியும், நாம் 4 மி.மீ. துளை போட்டதும் சரியாக அந்த இடத்தில். அதை 15 நாளுக்கு ஒரு முறை ஊக்கால் குத்திவிடுங்கள். பம்ப்பின் சுழலியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறப்போட்டுக் கழுவுங்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது மட்டும் போர் தண்ணீர். ஒகேனக்கல் குடிநீர் என்றால் குளோரின் இருக்கும், ஹைப்போ (குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட்) போட்டோ ஒரு நாள் காற்று ஓடவிட்டோதான் ஊற்ற வேண்டும்.

மட்டம் குறைவது பம்ப் அறையில் மட்டுமே தெரியும். பம்ப் ஓடும்போது 20 செ.மீ. கோடு வரைதான் ஊற்ற வேண்டும். மே மாதத்தில் “ஒரேயடியாக ஊற்றிவைப்போம்” என்று சம்ப்பைத் தளும்ப நிரப்பிவிட்டால், அடுத்த மின்தடையில் அத்தனையும் தரைக்கு வரும். பம்ப் நின்றிருக்கும்போது ஊற்றவே வேண்டாம்.

10. கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

தொட்டி மட்டம் நாளுக்கு நாள் அ கோட்டைவிட ஏறுகிறது: வெட்டுகள் அடைத்திருக்கும் அல்லது மேல் வளைவில் காற்று சேர்ந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளைப் பைப்பில் உள்ளே தண்ணீர் மட்டம் நிழலாகத் தெரியும். காற்று என்றால் இன்டர்னல் பில்டரின் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள், ஓட்டம் குறைந்தால் இழுவையும் குறையும்.

கழிவறை ஃபிளஷ் மாதிரி விட்டு விட்டுச் சத்தம்: காற்றுக் குழாயின் மூடியில் துளை சின்னது. மூடியை எடுத்துவிட்டுப் பாருங்கள். நின்றால் துளையை ஒவ்வொரு மி.மீ.யாகப் பெரிதாக்குங்கள். மூடியே இல்லாமல் சத்தம் இல்லை என்றால் மூடியே வேண்டாம்.

கரண்ட் வந்தபின் சைஃபன் பிடிக்கவில்லை: ஒருவழி வால்வைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். அது சரி என்றால் மேல் வளைவின் மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்பட்டுக் குழி விழும். அந்த மூட்டின் மேல் பசையைப் பூசி ஒப்பேற்ற முடியாது. இருபுறமும் வெட்டி, புது எல்போ போடுங்கள். இதற்காகவே கடையில் ஓர் எல்போவும் இரண்டு கப்ளரும் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.